மாதங்கி அருள்பிரகாசம்

எம்.ஐ.ஏ. என்ற மேடைப்பெயரால் உலகம் அறிந்த பொப் இசைக் கலைஞர். 1975 யூலை 18 அன்று இலண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே பெற்றோருடன் இலங்கை வந்தார். இளமைக்காலத்தின் பெரும்பகுதி யாழ்ப்பாணத்தில் கழிந்தது. தந்தை அருளர், ஈரோஸ் என்ற ஈழப் போராளி இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். தேடப்படும் தந்தை, இடம் மாறிக்கொண்டே இருக்கும் வீடு, இடையில் சென்னை வாழ்க்கை: இவையே பின்னாளில் அவர் பாட்டின் மூலப்பொருளாயின. இலங்கையின் உள்நாட்டுப் போர் முற்றியபின், 1986இல், தாய் கலாவுடன் அகதியாக இலண்டன் திரும்பினார்.

சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைக்கலை பயின்ற அவர், முதலில் ஓவியராகவே அறியப்பட்டார். ரோலண்ட் எம்சி-505 என்ற சிறு தாளக்கருவி கைக்கு வந்தபின் பாட்டு தொடங்கியது. தந்தையின் பெயரில் 'அருளர்' (2005), தாயின் பெயரில் 'கலா' (2007) என இரு இசைத்தொகுப்புகள் வெளிவந்தன. இரண்டில் 'கலா'வே ஆழமானது. அதன் 'பேர்ட் ஃபுளூ' பாடலில் சென்னையில் பதிவான உறுமி முழங்குகிறது. 'பாம்பூ பாங்கா'வில் இளையராஜாவின் 'தளபதி' இசை ஒலிக்கிறது. நம் பறையிசை மரபின் உறவுக்கருவியான உறுமி மேற்கத்திய நடன அரங்குகளை அதிரவைத்தது சிறிய செய்தியல்ல. 'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில் நான்காம் இடத்தை எட்டியது. ஏ. ஆர். ரகுமானுடன் இணைந்த 'ஓ... சாயா' 2009இல் ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

அதே ஆண்டு, இலங்கைப் போரின் இறுதிக்கட்டத்தில் வன்னியில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க ஊடகங்களில் அதைத் துணிந்து பேசிய மிகச் சில பிரபலங்களில் அவரும் ஒருவர். அதற்காகக் கடும் வசைகளையும் ஏற்றார்.

பின்னர் 'மாயா' (2010), 'மாதங்கி' (2013), 'எய்ம்' (2016) ஆகிய இசைத்தொகுப்புகள் வெளிவந்தன. அவர் வாழ்வைச் சொல்லும் ஆவணப்படம் 2018இல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. இசைப்பணிக்காகப் பிரித்தானிய அரசின் எம்பிஇ விருது பெற்றார். அந்தப் பதக்கங்களைக் கையால் தைக்கும் பணியைப் பல ஆண்டுகள் செய்தவர் அவருடைய தாய் கலா.