மன்றத்திலே மாதர் இருவர்

ஏசுநாதர் ஒருவர், அவர் பெயராலே இரு கோயில், இரு தெரு, இரு பள்ளிக்கூடம்! வட அயர்லாந்தின் கதை இது. பிரிட்டனோடு இருப்போம் என்றனர் புராட்டஸ்டண்டுகளிலே பெரும்பாலோர். அயர்லாந்துக் குடியரசோடு இணைவோம் என்றனர் கத்தோலிக்கரிலே பலர். 1960களின் இறுதியிலே மூண்ட பூசல், முப்பதாண்டுகளிலே ஏறக்குறைய 3,500 உயிர்களைக் குடித்தது.

சமரசம் பேசுவோரைத் தேர்ந்தெடுக்க 1996 மே திங்களிலே தேர்தல் வந்தது. கட்சிகளோ ஆடவர் கோட்டைகள். இரு சமயத்துப் பெண்டிரும் கூடினர். சில வாரங்களிலேயே மகளிர் கூட்டணி என்றோர் கட்சி கண்டனர். பெற்ற வாக்கு நூற்றுக்கு ஒன்று! நம் நாட்டிலே ஜாமீன் தொகையே பறிபோயிருக்கும். அங்கோ, முதல் பத்துக் கட்சிகளுக்குத் தலா இரண்டு இடம் என விதி செய்திருந்தனர். ஆயுதக் குழுக்களோடு தொடர்புடைய சிறு கட்சிகளையும் மேசைக்கு அழைத்து வரவே அவ்விதி. அவ்வழியே மாதரும் நுழைந்தனர். மோனிகா மக்வில்லியம்ஸ் கத்தோலிக்கர். பேர்ல் சாகர் புராட்டஸ்டண்டு.

அவர்கள் பேச எழுந்ததும் மாடுபோலக் கத்தினராம் கனவான்கள் சிலர்! மாதர் மருண்டனரா? இல்லை. ஏசியவர் பெயரையும் ஏச்சையும் பலகையிலே எழுதி மாட்டினர். வகுப்பிலே நாமும் அதைத்தானே செய்கிறோம்!

ஆயுதம் ஏந்தியோரின் அரசியல் அணியை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு எழுதும் ஒப்பந்தம் எவரைக் கட்டும்? எல்லோரும் அமரட்டும் என்றனர் அம்மாதர். 1997 ஜூலையிலே ஐ.ஆர்.ஏ. துப்பாக்கியைத் தாழ்த்தியது, செப்டம்பரிலே ஷின் ஃபேன் கட்சி உள்ளே வந்தது. அவர்களோடு அமரோம் என்று வெளியேறிற்று பாதிரியார் பெய்ஸ்லியின் கட்சி. அதே பெய்ஸ்லி, 2007ல் ஷின் ஃபேனின் மக்கின்னசை அருகிலே அமர்த்தி ஆட்சி நடத்தினார். பத்தாண்டு வீம்பு!

1998 ஏப்ரல் 10ல் ஒப்பந்தம் பிறந்தது. மே 22ல் வடக்கு வாக்காளரிலே நூற்றுக்கு 71 பேர் ஏற்றனர். பாதிக்கப்பட்டோருக்குத் துணை, இரு சமயப் பிள்ளைகளும் ஒருங்கே பயிலும் பள்ளிகளுக்கு ஊக்கம் என்பன அதிலே இடம்பெற்றதற்கு மகளிர் கூட்டணியின் உழைப்பு ஒரு காரணம்.

பாடம் சொல்லும் நமக்கு, பள்ளி பற்றிய அந்த ஒரு வரியே பெரிதாய்த் தோன்றுகிறது. ஒப்பந்தத்துக்கு முன்பே, 1981ல், பெற்றோர் சிலர் பெல்ஃபாஸ்டிலே 28 பிள்ளைகளோடு லகன் கல்லூரி என்ற பொதுப் பள்ளியைத் திறந்தனர். அத்தகைய பள்ளிகளிலே இன்றும் பயில்வோர் பத்திலே ஒரு பங்குக்கும் குறைவு. மகளிர் கூட்டணி 2006ல் கலைந்தது. தெருவுக்கும் தெருவுக்கும் இடையே எழுப்பிய சுவர்கள் பெல்ஃபாஸ்டிலே பல நிற்கின்றன. சிலவற்றின் கதவுகளை இரவுதோறும் பூட்டுகின்றனர்.