ஆற்றுப்படையும் கங்காணியும்

புலவன் பாடுவதும் புரவலன் ஈவதும் தமிழர்க்குப் புதிய வழக்கல்ல. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனையவை, ஒரு வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்படும் வறிய கலைஞனை அவ்வள்ளலிடமே செல்லுமாறு வழிப்படுத்தும் முறையில் அமைந்தவை. ஆராய்ந்து நோக்கின், இது பரிந்துரையேயாகும். பொருள் பெற்றவன், தந்தவனைப் புகழ்கிறான். ஆயினும் நாம் அதனை இழிவாகக் கருதுவதில்லை. ஏன்?

காரணம் எளிது. ஆற்றுப்படுத்துவோன் தான் பெற்றதை மறைப்பதில்லை. பொருநராற்றுப்படையில் வரும் பொருநன், கரிகாலன் தன் கந்தலைக் களைந்து மெல்லிய ஆடை உடுத்தியதையும் ஊனும் சோறும் சலிக்கச் சலிக்க ஊட்டியதையும் முதலிலேயே கூறிவிடுகிறான். கேட்போன் அதனை அறிந்தே அவன் சொல்லை எடை போடுகிறான். இஃது ஒரு பக்கம். தம்மை நேரிற் காணாமல் அதியமான் நெடுமான் அஞ்சி அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு நமக்குச் சொல்கிறது. தாம் வணிக நோக்குடைய பரிசிலர் அல்லர் என்பது அவர்தம் வாதம். பெறுவதை மறையாமை, தகுதியின்றித் தருவதை ஏலாமை ஆகிய இரண்டுமே பழந்தமிழ்ப் பரிசில் அறத்தின் தூண்கள் எனலாம்.

இவ்வறம் குலைந்த வரலாற்றை நாம் தொலைவிற் சென்று தேட வேண்டியதில்லை. மலாயாவுக்கு நம் முன்னோர் வந்த கதையிலேயே அது பொதிந்துள்ளது. சஞ்சிக்கூலி முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தபின், தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்புப் பெரிதும் கங்காணிகளையே சார்ந்தது. தோட்ட நிருவாகம் நம்பிக்கைக்குரிய தொழிலாளி ஒருவனுக்கு உரிமமும் வழிச்செலவும் தந்து, அவனுடைய சொந்த ஊருக்கே அனுப்பியது. அவன் உறவினரிடையே அமர்ந்து மலாயாவின் வளத்தைச் சொன்னான். அவன் அழைத்து வந்த ஒவ்வொருவர்க்கும் தரகு கிடைத்தது. அவர்கள் வேலைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசும் கிடைத்தது.

கம்பெனியின் விளம்பரத் தாள் சாதிக்க இயலாததை ஊர்க்காரனின் நாக்கு சாதித்தது. ஏனெனில் அந்த நாக்கின்மீது ஊருக்கு நம்பிக்கை இருந்தது. கம்பெனி விலை கொடுத்து வாங்கியது அந்த நம்பிக்கையைத்தான். கங்காணிகள் அனைவரும் பொய்யர் என்று கூறுதல் நேர்மையாகாது. தாம் கூறியதை நம்பியவரும் அவருள் இருந்திருப்பர். ஆயின் திண்ணையில் அமர்ந்து கேட்டவருள் எத்தனை பேர் தரகின் அளவையும் தலைக்காசின் கணக்கையும் அறிந்திருப்பர்? பொருநன் முதலில் சொன்னதைக் கங்காணி சொல்லாது விட்டான். வேறுபாடு அவ்வளவே, விளைவோ பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வு. மலாயாத் தொழிலாளர் நிலையை ஆராய வந்த சீனிவாச சாஸ்திரி, கங்காணி ஆள்சேர்ப்பு கைவிடப்பட வேண்டும் என்று 1937இல் வெளிவந்த அறிக்கையில் பரிந்துரைத்தார். உதவி பெற்றுக் கூலிவேலைக்குச் செல்வதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது.

இதே மண்ணில் எதிர்நிலைச் சான்றும் உண்டு. கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். ஊதிய உயர்வு வேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும், துரையைக் கண்டவுடன் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகளுட் சில. 1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது, சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை இறங்கியது, தொழிலாளர் உயிர் துறந்தனர். எழுதுவோன் யார் பக்கம் நிற்கிறான் என்பது சொல்லலங்கார வினா அன்று என்பதைக் கிள்ளான் அன்றே கண்டது.

இன்றைய நிலைக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சோற்றுக் கடைக்கும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைத் துணிக்கடைக்கும் கைப்பேசியுடன் இளைஞர் வருகின்றனர். உணவு இலவசம், புடவை அன்பளிப்பு, சிலர்க்குத் தொகையும் உண்டு. மறுநாள் புகழுரை ஆயிரம் பேரை அடைகிறது. இவர்களும் பார்ப்போர்க்கு அண்ணனாகவும் அக்காளாகவும் உறவாடுவோரே. கங்காணியின் வலிமையும் அதுவே. அமெரிக்காவில் இசைத்தட்டு நிறுவனங்கள் வானொலி அறிவிப்பாளர்க்கு மறைவாகப் பணம் தந்தது 1959இல் அம்பலமாகி, அடுத்த ஆண்டே அதற்கெதிராகச் சட்டம் வந்தது. நம் நாட்டிலும் 2022இல் திருத்தப்பட்ட உள்ளடக்க நெறிமுறை, சமூக ஊடகப் படைப்பாளர் கட்டணம் பெற்றுச் செய்யும் விளம்பரத்தை விளம்பரம் என்றே வெளிப்படுத்த வேண்டும் எனக் கூறுகிறது. பொருநன் இயல்பாகக் கடைப்பிடித்ததை இன்று விதியாக எழுத வேண்டியதாயிற்று.

இளைஞரை மட்டும் சுட்டி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. நம் நூல் வெளியீட்டு விழாக்களை எண்ணிப் பார்ப்போம். செல்வர் ஒருவர் பெருந்தொகை தந்து முதல் நூலைப் பெறுகிறார். அது தமிழ் நூல்கள் உயிர்வாழ உதவும் நற்செயலே. அத்தொகையும் அவையறியத் தரப்படுகிறது. ஆயின் மாலையும் பொன்னாடையும் பெற்றுத் திறனாய்வு செய்ய எழுபவர், நூலின் குறையை ஒரு சொல்லாலும் தொடாமல் அமர்வதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்? அங்கே கைம்மாறாகப் பெறுவது பணமன்று, நட்பும் மேடையும். மறைந்து நிற்கும் கைம்மாறு எதுவாயினும் அது சொல்லின் எடையைக் குறைத்தே தீரும்.

ஈகையை ஒழித்தால் கலை வாடும். ஆகவே ஈகையை ஒழிப்பது தீர்வன்று. பெற்றதைச் சொல்லுக, சொல்ல நாணும் எதனையும் பெறாது விடுக. ஆசிரியர்கள் ஆற்றுப்படையைக் கற்பிக்கும்போது துறை விளக்கத்தோடு நில்லாது, அதன் பேச்சாளன் ஏன் தன் பரிசிலை முதலிற் கூறினான் என்னும் வினாவையும் மாணவர்முன் வைப்பாராக. அவ்வினாவுக்கு விடை கண்ட மாணவன், தன் கைப்பேசியில் ஒலிக்கும் புகழுரையைக் கேட்கும்போதும், ஒருநாள் தானே மேடையேறும்போதும் அதனை நினைவு கூர்வான்.