நோய்க் கணக்கிலிருந்து சான்று வரை: தமிழ்நாட்டு இறப்புப் பதிவேடுகளின் வரலாறும் தேடும் முறையும்

தாத்தா காலத்து இறப்பு ஒன்றுக்குச் சான்று தேவைப்படும்போது பெரும்பாலோர் முதலில் சொந்த ஊரின் கிராம நிர்வாக அலுவலரிடம்தான் போகிறார்கள். பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். இல்லை என்ற பதில் வந்ததும், அந்த இறப்பு பதிவாகவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் பதிவு இருக்கும். தேடிய அலுவலகமும் தேடிய முறையும்தான் பொருந்தாதவை. நம் இறப்புப் பதிவேடுகள் வாரிசுகளை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டவை அல்ல. எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த நோயால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணுவதற்காகத் தொடங்கப்பட்டவை. அதனால் அவை இடத்தையும் நாளையும் முதன்மையாகக் கொண்டு அமைந்தன. ஆளின் பெயர் அதற்குள் ஒரு விவரம் மட்டுமே. இந்த அமைப்பு எப்படி வந்தது என்று தெரிந்தால் தேடும் வழியும் தெளிவாகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் பெயர்வாரிப் பதிவு தேவாலயத்தில் தொடங்கியது. 1680இல் திறக்கப்பட்ட சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவை அந்தக் காலம் முதலே எழுதப்பட்டன. சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கும் அனுப்பப்பட்டன; 1698 முதலான நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், கிறித்தவர் ஆகியோரின் குடும்ப வரலாற்றைத் தேடுவோருக்கு இவை பெரும் துணை. 1886ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டமும் முதன்மையாக இந்தப் பிரிவினருக்கானதுதான். அதன்படி பதிவு செய்துகொள்வது விருப்பத்தைப் பொறுத்தது. ஆனால் அட்டவணையைப் பார்க்கவும் நகல் பெறவும் அந்த நகலைச் சான்றாகக் காட்டவும் அது வழி வகுத்தது. பரந்துபட்ட மக்களுக்கு அப்போது இத்தகைய பெயர்ப் பதிவு கிடையாது. அவர்களுக்குக் கிடைத்தது எண்ணிக்கைப் பதிவு.

அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருந்தது படைவீரர்களின் உடல்நலம் பற்றிய கவலை. இந்தியாவில் இருந்த படையின் சுகாதார நிலையை ஆராய 1859இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1863இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டே மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் வந்தன. பாளையத்தில் காலரா பரவாமல் தடுக்க, சுற்றியுள்ள ஊர்களின் இறப்பு நிலவரம் தெரிய வேண்டியிருந்தது. அதை எழுதித்தரும் வேலை வரி வசூலித்துக்கொண்டிருந்த கிராம அதிகாரிகளின் தலையில் ஏறியது. தலையாரி முதலிய கிராமப் பணியாளர் சொல்லும் செய்தியைக் கேட்டு ஊர்த் தலைமை அதிகாரியான மணியக்காரர் எழுதுவார். அந்தக் கணக்கு தாலுகா வழியாக மேலே போகும்.

இந்தக் கணக்கு எவ்வளவு வலிமையானது, எவ்வளவு ஓட்டையானது என்ற இரண்டையும் 1876–78 பஞ்சம் காட்டியது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஆர். கார்னிஷ், நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானிய அளவுக்குக் குறைத்த, இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிளை எதிர்த்து வாதாடினார். முகாம்களில் பெருகிய சாவும் அவர் முன்வைத்த ஆதாரங்களில் ஒன்று. உயிர் காக்கும் வாதத்துக்கு இறப்புக் கணக்கு துணைநின்ற அரிய தருணம் அது. எனினும் ஊரைவிட்டு வெளியேறி வழியில் விழுந்தவர்களை எந்த மணியக்காரர் எழுதுவது? 1871இல் சுமார் 3 கோடியே 12 லட்சமாக இருந்த மாகாண மக்கள்தொகை 1881இல் சுமார் 3 கோடியே 8 லட்சமாகக் குறைந்திருந்தது. பத்தாண்டுகளின் இயல்பான பெருக்கத்தையும் சேர்த்து எண்ணினால்தான் இழப்பின் முழு அளவு புரியும். பஞ்ச காலத்தில் இறந்த முன்னோரைத் தனிப்பெயராகத் தேடுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இறப்புக் காரணம் எழுதும் முறையையும் இங்கே பார்க்க வேண்டும். மருத்துவரே இல்லாத ஊரில் காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விபத்து என்ற சில தலைப்புகளுக்குள் மணியக்காரர் எல்லாச் சாவையும் அடக்கினார். காலராவும் அம்மையும் ஊரே அறிந்த அடையாளம் உடையவை. அவற்றில் பிழை குறைவு. மற்றவற்றில் பெரும்பகுதி ‘காய்ச்சல்’ ஆயிற்று. 1918ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயன்சா சாவுகளும் பெரும்பாலும் அந்தத் தலைப்பில்தான் ஏறின. அந்த ஆண்டுப் பதிவேட்டில் ஒருவரின் பெயரெதிரே காய்ச்சல் என்றிருந்தால், அதை மருத்துவ முடிவாகக் கொள்வது சரியல்ல.

1899இன் சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் (1899இன் 3ஆம் சட்டம்) பதிவைக் கடமையாக்கும் வழியைத் திறந்தது. ஆனால் அரசு அறிவித்த இடங்களில்தான் அது செல்லும். கிராமங்களுக்குப் படிப்படியாகவே விரிந்தது. அருகருகே உள்ள இரண்டு ஊர்களில் ஒன்றுக்குப் பழைய பதிவு இருந்து மற்றொன்றுக்கு இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

நாடு முழுமைக்கும் பொதுவான கடமையை விதித்தது 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். பெரும்பாலான மாநிலங்களில் 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகழ்வை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நிகழ்ந்த இடத்தின் பதிவாளரே அதைப் பதிவார். தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநரே முதன்மைப் பதிவாளர். சுகாதார ஆணையரின் பழைய கணக்கு வேலை புதிய சட்டத்துக்குள்ளும் தொடர்வதை இங்கே காணலாம். 2000ஆம் ஆண்டு விதிகளில் இறப்பு அறிக்கைப் படிவமே இரண்டு பகுதியாயிற்று: சட்டத்துக்குரிய பகுதி கட்டப்பட்டுப் பதிவேடாகும்; புள்ளிவிவரப் பகுதி பிரிந்து கணக்கெடுப்புக்குப் போகும். குடும்பத்தின் தேவையும் அரசின் எண்ணிக்கையும் ஒரே தாளில் தனித்தனிப் பகுதிகளாயின.

இடையில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை வழி வந்த கிராம அதிகாரிகளின் பகுதிநேரப் பதவிகளை ஒழித்தது. மணியக்காரர், ஊர்க் கணக்கரான கர்ணம் ஆகியோர் கையிலிருந்த பொறுப்புகள் பிறகு கிராம நிர்வாக அலுவலர்களிடம் வந்தன. ஆகவே அதற்கு முந்தைய பதிவை இன்றைய அலுவலரின் மேசையில் எதிர்பார்ப்பது வீண். கிராமப் பதிவேடுகள் காலம் கடந்தபின் தாலுகா அலுவலகம் வழியாகச் சார்பதிவாளர் அலுவலகத்தைச் சேர்கின்றன. பத்திரப்பதிவுக்குப் போகும் அதே அலுவலகத்தில், அதே பதிவுத்துறையின் இணையதளத்தில், பழைய கிராம இறப்புகளுக்கும் விண்ணப்பிக்கலாம். நகராட்சி, மாநகராட்சிப் பதிவுகள் அந்தந்த அமைப்பிடமே இருக்கும்.

தேடுவோர் முதலில் உறுதி செய்ய வேண்டியது இறந்த இடம். தஞ்சாவூர்க்காரர் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இறந்திருந்தால், ஊரில் எரியூட்டியிருந்தாலும் பதிவு சென்னை மாநகராட்சியில்தான் இருக்கும். அடுத்தது நாள். நாள் தெரியாவிட்டால் பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை, ஆண்டுத் திதி குறித்த பஞ்சாங்கம், ஓய்வூதிய ஆணை, கல்லறைக் கல் ஆகியவற்றிலிருந்து மாத அளவுக்காவது சுருக்கலாம். திதியை வைத்து ஆங்கிலத் தேதியைக் கணக்கிடுவதற்கு ஆண்டு சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். பெயரைக் கடைசியில் வையுங்கள். வீட்டில் மணி என்று அழைக்கப்பட்டவர் பதிவில் சுப்பிரமணியாக இருப்பார். தகவல் தந்தவர் சொன்ன பெயர்தான் ஏறும். தந்தை அல்லது கணவர் பெயர், வயது, கதவு எண் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஆள் அடையாளம் உறுதியாகும்.

1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தி எவரும் பதிவேட்டில் தேடச் சொல்லவும் நகல் பெறவும் உரிமை தருகிறது. இந்த உரிமையை அலுவலக வாசலில் பலர் அறியாதிருப்பது வருத்தம் தருகிறது. அதே பிரிவு, இறப்பு நகலில் காரணத்தை வெளியிடக் கூடாது என்றும் சொல்கிறது. நோயை எண்ணத் தொடங்கிய பதிவேட்டில், இறந்தவரின் அந்தரங்கத்துக்குச் சட்டம் தந்த மதிப்பு இது. நியாயமானது என்றே கருதுகிறேன். 2023ஆம் ஆண்டுத் திருத்தமோ, மருத்துவ நிறுவனங்கள் தரும் காரணச் சான்றின் நகல் நெருங்கிய உறவினருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது.

தேடியும் கிடைக்காவிட்டால் வாய்ச்சொல்லோடு திரும்பாமல், பதிவு இல்லை என்பதற்கான சான்றை 10ஆம் படிவத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் தாமதமான இறப்பைப் பதிய முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டும் என்றது மத்தியச் சட்டம். 2023 திருத்தத்துக்குப் பின் மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர், அல்லது மாவட்ட நடுவர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவர் அந்த ஆணையைத் தரலாம். வாரிசுச் சான்றிதழும் பட்டா மாறுதலும் நின்றுபோன குடும்பங்கள் அந்த விண்ணப்பத்தோடு முதலில் இணைக்க வேண்டிய தாள் 10ஆம் படிவம்.