சீனக்குடா எண்ணெய்க் குதங்களும் தொழிலாளரும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் வல்லரசுகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கோட்டையைக் கைப்பற்றியோரின் வரிசையைப் பாடநூல்கள் தரும். அங்கு சுமை தூக்கியோரும் இரும்புத் தகடு பொருத்தியோரும் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. சீனக்குடாவில் காட்டினூடே நிற்கும் எண்ணெய்க் குதங்களை நாம் இங்கு ஆராய்வது அவர்களை முன்வைத்தேயாகும்.

நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறிய பிரித்தானியக் கடற்படை, கீழைக் கடல்களில் தனக்கு வேண்டிய எரிபொருளைச் சேமிக்க, இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இவற்றை எழுப்பத் தொடங்கிற்று. ஏறத்தாழ 850 ஏக்கரில் இன்று 99 குதங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். எத்துணை உழைப்பு இங்கு குவிந்தது என்பதைக் குடிசன மதிப்பீடே காட்டிவிடுகிறது. 1931இல் 37,000க்குச் சற்று மேற்பட்டிருந்த மாவட்டத்தின் சனத்தொகை 1946இல் 75,000ஐத் தாண்டிற்று. பதினைந்தே ஆண்டுகளில் ஏற்பட்ட இவ்விரட்டிப்பைப் பிறப்பு விகிதத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. கடற்படைத் தளமும் விமானத் தளமும் வேலை தேடுவோரை ஈர்த்தன. அவர்களுள் கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தோரும் இருந்தனர்.

1942 ஏப்ரல் மாதத்தை இவ்விடத்துச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். 5ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 7ஆந் திகதி என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்த்தன, எட்மன்ட் சமரக்கொடி ஆகிய சமசமாஜத் தலைவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பினர். 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. விமானமொன்று குதமொன்றின்மீது வீழ்ந்து அதனை எரித்தது என்பர். அக்குதத்தின் உருகிய இரும்பு இன்றும் பார்வையாளரை ஈர்க்கிறது. ஆனால் அதே ஆண்டில் அத்தியாவசிய சேவைகளில் வேலைநிறுத்தம் தடைசெய்யப்பட்டதை அங்கு செல்வோர் எத்தனை பேர் நினைவுகூர்கின்றனர்? 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச்சட்டம் வழங்கிய உரிமைகள், அவை மிகவும் தேவைப்பட்ட காலத்திலேயே முடக்கப்பட்டன.

போர் முடிந்ததும் அடங்கியிருந்த கொதிப்பு வெளிப்பட்டது. 1946இலும் 1947இலும் பெரும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. 1947 யூன் 5ஆந் திகதி அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி கொழும்பில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதே ஆண்டு நவம்பரில் கைச்சாத்தான பாதுகாப்பு ஒப்பந்தமோ திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியரிடமே விட்டுவைத்தது. இடதுசாரிகள் அதனைக் கண்டித்தனர். அது நேரிய கண்டனமே.

எனினும் 1957 ஒக்டோபர் 15ஆந் திகதி பண்டாரநாயக்க அரசாங்கம் தளத்தைப் பொறுப்பேற்றபோது ஒரு முரண்பாடு வெளிப்பட்டது. ஏகாதிபத்தியத்தின் கொடி இறங்கியது. அதனுடன் சம்பளம் கொடுத்து வந்த எசமானனும் புறப்பட்டான். கடற்படைக்கு வேலை செய்வதே பிழைப்பாயிருந்த ஒரு நகரில், இறைமையின் வெற்றியும் வேலையிழப்பும் ஒருசேர வந்தன. அந்நாளை வெறும் தேசிய விழாவாக எழுதும் வழக்கம் பாதி உண்மையையே கூறுகின்றது என்பது எமது கருத்து. தளம் அகல வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயம் இதனால் குறைந்துவிடாது. அகன்றபின் அத்தொழிலாளர் எங்கு செல்வர் என்ற கேள்வியும் அக்கோரிக்கையின் ஓர் அங்கமே என்பதுதான் நாம் வலியுறுத்துவது.

1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அரசுடைமையான குதங்களுட் பல பின்னர் பயனற்றுக் காட்டினுள் மறைந்தன. 1987ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் அவை மீண்டும் பேசப்பட்டன. 2003இல் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் அங்கு வந்தது. 2022 சனவரியில் 14 குதங்கள் அந்நிறுவனத்திற்கும், 24 கூட்டுத்தாபனத்திற்கும், 61 இரண்டும் இணைந்த புதிய கம்பனிக்கும் எனப் பங்கிடப்பட்டன. பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் இவ்வேற்பாட்டை எதிர்த்தன. அன்று வேலைநிறுத்த உரிமையின்றி உழைத்தோர் வாழ்ந்த அதே துறைமுகச் சொத்தினைப் பற்றித் தொழிற்சங்கங்கள் இம்முறை வெளிப்படையாகவே வாதாடின.