ரசிகர் இதழ்

ரசிகர் இதழ் என்பது வாசகர்களோ ரசிகர்களோ வருமானம் கருதாமல் தாங்களே எழுதித் தயாரித்து, தங்களைப் போன்றவர்களிடையே சுற்றுக்கு விடும் இதழ். அறிவியல் புனைகதைப் பிரியர்கள் 1930-இல் சிகாகோவில் கொண்டுவந்த ‘தி காமெட்’டை இவ்வகையின் முன்னோடி என்பர். தமிழில் அந்த இடம் கையெழுத்துப் பத்திரிகைக்கு உரியது. பெரும்பாலும் ஒரே பிரதி. கையெழுத்து அழகாக உள்ளவர் படியெடுப்பார், படம் போடத் தெரிந்தவர் அட்டை வரைவார், இதழ் வீடு வீடாகப் போய்வரும். வாசகர் கருத்துக்கெனக் கடைசிப் பக்கங்களை வெறுமையாக விடுவதும் உண்டு. திருவாரூரில் மாணவர் மு. கருணாநிதி ‘மாணவ நேசன்’ நடத்தினார். ஸ்ரீரங்கத்தில் கவிஞர் வாலி நடத்திய ‘நேதாஜி’யில் எழுதியவர்களுள் பின்னாளில் எழுத்தாளர் சுஜாதாவான ரங்கராஜனும் ஒருவர்.

அச்சுக்கு வந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று சினிமா. சென்னை தியாகராய நகரில் ‘தமிழ்ப் பண்ணை’ பதிப்பகம் நடத்திய சின்ன அண்ணாமலையே ‘சிவாஜி ரசிகன்’ இதழையும் நடத்தினார். பதிப்புத் தொழிலே தெரிந்தவர் என்பதால் அதை முழு அமெச்சூர் முயற்சி என்று சொல்ல முடியாது. எம்.ஜி.ஆர். ரசிகர்களின் ‘உரிமைக்குரல்’, ‘இதயக்கனி’ ஆகியவை அவர் படப் பெயர்களையே தாங்கின. எதிரணியோடு மல்லுக்கட்ட இவ்விதழ்கள் அச்சிட்ட விவரங்களில் எந்த ஊரில், எந்தத் தியேட்டரில், எத்தனை நாள் படம் ஓடியது என்ற கணக்கு முக்கியமானது. இலக்கிய வரலாறுகள் இவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. திரையரங்க வரலாறு தேடுகிறவர் இவற்றைத்தான் புரட்ட வேண்டும், கொஞ்சம் ஜாக்கிரதையாக.

மற்றது சிறுபத்திரிகை. சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959 முதல் 1970 வரை 119 இதழ்கள் வந்தது. அது நின்ற ஆண்டிலேயே ஞானக்கூத்தன், சா. கந்தசாமி, ந. முத்துசாமி முதலிய இளைஞர்கள் ‘கசடதபற’வைத் தொடங்கினர். எழுதுகிறவரும் வாங்குகிறவரும் ஏறக்குறைய ஒரே கூட்டம்தான். அந்த வகையில், சிறுபத்திரிகைக்காரர்கள் ஒப்பமாட்டார்கள் என்றாலும், இவையும் ரசிகர் இதழ்களே.

சென்னை அசோக் நகரைச் சுற்றி இம்மரபு வெகுநாள் தங்கியது. அதை ஒட்டிய மேற்கு மாம்பலத்திலிருந்து அழகியசிங்கர், வங்கி வேலைக்கிடையே, 1988-இல் ‘விருட்சம்’ தொடங்கினார். பிறகு அது ‘நவீன விருட்சம்’ ஆயிற்று. மறுபக்கம், கே.கே. நகரிலிருந்து ப. திருநாவுக்கரசு நடத்திய ‘நிழல்’ சினிமாவையே பொருளாகக் கொண்ட சிறுபத்திரிகை. நட்சத்திரப் புகழ்ச்சிக்கு அங்கே இடமில்லை. குறும்படமும் ஆவணப்படமும் உலக சினிமாவுமே பேச்சு. இதழோடு நில்லாமல் தமிழகத்தின் பல ஊர்களில் குறும்படப் பயிற்சிப் பட்டறைகளையும் ‘நிழல்’ நடத்தியது.