ஓதியும் விசிறியும்

வேலியோரத்து ஓணானின் பெயரும் வரலாற்றாராய்ச்சிக்கு உரியதே என்பதனை ஈண்டுக் காட்டப் புகுகின்றோம்.

ஓணான், ஓந்தி என வழங்கும் உயிர் சங்க நூலில் ஓதி எனப்படுகின்றது. அள்ளூர் நன்முல்லையார் பாடிய குறுந்தொகை 140-ஆம் பாட்டில் அதன் ஆண் போத்து எனப்படும். அதன் முதுகு பல்லமைந்த வேதினத்தோடு உவமிக்கப்பெறும். வழிச்செல்வார் அதனை நிமித்தமாகக் கொண்டமையும் அப்பாட்டாற் புலனாம். தஞ்சை நாட்டு உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் 1937-இல் அந்நூலை உரையோடு வெளியிட்டார். அப்பாட்டின் களம் பாலை. இதனை நினைவிற் கொள்க.

இனி, மேனாட்டார் இட்ட பெயர்களை நோக்குவோம். தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு 1620-இல் செய்த உடன்படிக்கையால் டேனியர் தரங்கம்பாடியைப் பெற்றனர். அங்குப் பணியாற்றிய பாதிரியார் கிறித்தோபர் சாமுவேல் ஜான் உயிரினங்களைத் திரட்டி ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பிவந்தார். பாட்ரிக் இரசல் 1801-இல் மண்ணுளிப்பாம்பு ஒன்றற்கு அவர் பெயரையே இட்டார். கழுத்தில் விசிறி போன்ற தோலையுடைய ஓணானுக்குப் பிரெஞ்சு அறிஞர் குவியே 1829-இல் இட்ட பெயரோ 'சிடானா பாண்டிசெரியானா' என்பது. முன்னது அனுப்பியவர் பெயர். பின்னது துறைமுகத்தின் பெயர். உயிரின் இயல்பு இவ்விரண்டிலும் இல்லை.

இவ்வோணானின் பின்னங்காலில் நான்கு விரல்களே உள. ஏனை ஓணான்களுக்கு ஐந்து. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் உயர்ந்த கல்லிலோ மண்மேட்டிலோ ஏறிக் கழுத்துத் தோலை விரித்து மடக்கும். பெண்ணை அழைத்தலும் மாற்றானை விலக்கலும் இதன் பயன். பாட்டு நோக்கியது முதுகினை. அறிவியல் நோக்கியது கழுத்தினை.

நெடுங்காலம் இவ்வகை ஓணான்கள் பெரும்பாலும் ஒரே பெயரில் அடக்கப்பட்டிருந்தன. 2016-இல் தீபக் முதலிய ஆய்வாளர் மரபணுவும் உருவமும் கொண்டு அவற்றைப் பிரித்தனர். நீலமும் கருமையும் செம்மஞ்சளும் மிக்க கழுத்துடைய சிலவற்றை 'சரடா' என்னும் புதுப் பேரினமாக்கினர். அது மராத்திச் சொல்லடியாகப் பிறந்தது. தமிழகத்து இனம் ஒன்று 'விசிறி' என்னும் பெயர் பெற்றது. பனையோலை விசிறியே அதற்கு உவமை. அவ்வாண்டிலேயே வேறொன்று 'மருதம்நெய்தல்' எனப்பட்டது. இவ்வாறு, குவியேக்கு 187 ஆண்டுகளின் பின், திணைப்பெயர் இரண்டு இவ்வுயிரின் பெயராயின.

இங்கு ஓர் ஐயம் எழும். பாலைக்குரிய ஓதியின் இனத்தை மருதத்தோடும் நெய்தலோடும் சார்த்துதல் பொருந்துமோ எனின், பொருந்தும் என்பேம். அப்பெயர் வயலும் கடற்கரையும் சார்ந்த வாழிடத்தைச் சுட்டுவது. விசிறி ஓணான்கள் விரும்புவன சேறும் நீரும் அல்ல. திறந்த மணல்வெளி, முட்புதர், அறுவடை முடிந்த தரிசு முதலியனவே. காவிரிப்படுகையிலும் நீரற்ற மாதங்களில் வரப்பும் திடலும் வெடித்துக் கிடக்கின்றன. கோடியக்கரைப் பக்கத்தே மணல்மேடுகள் உள. வளம் குன்றிய நிலம் பாலையாம் என்னும் சிலப்பதிகாரக் கருத்து முல்லை, குறிஞ்சி பற்றியது. எனினும் மருதத்தின் இடையிடையே வறண்ட நிலம் உண்டு என்பதனை இவ்வுயிர் நமக்கு உணர்த்துகின்றது. திணை என்பது வரைபடக் கோடன்று. பருவத்தோடு இயங்குவது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஆகவே, தரிசையும் மணல்மேட்டையும் பயனற்றன எனக் கொண்டு சமப்படுத்தின், அழிவது உயிர் மட்டுமன்று. அதனைக் கண்டு பெயரிட்ட அறிவும் அதனோடு அழியும். கல்லினும் செம்பினும் பொறித்த பெயர்களைப் படியெடுக்கும் நாம், உழவரும் ஆடுமேய்ப்பாரும் வாய்மொழியாக வழங்கும் பெயர்களையும் ஊர்தோறும் சென்று தொகுத்தல் வேண்டும். எவ்வூரில் எப்பெயர், அது நிறம் பற்றியதோ நடை பற்றியதோ எனக் குறித்துவைப்பின், ஓதி முதல் ஓணான் ஈறாகச் சொல் நடந்த வழி தெளிவுறும். முதுகலை மாணவர் இப்பணியை மேற்கொள்ளற்கு உரியர்.