வெற்றிடம் கசியும் இடங்கள்

ஒரு பீர் பீப்பாயில் தண்ணீரை முழுக்க நிரப்பி, இடுக்குகளையெல்லாம் அடைத்து, அடியில் ஒரு பம்பைப் பொருத்தித் தண்ணீரை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டால் உள்ளே என்ன மிஞ்சும்? 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் மாக்டபுர்க் நகர மேயர் ஓட்டோ ஃபான் கெரிக்குக்கு வந்த சந்தேகம் இது. இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்று அரிஸ்டாட்டிலின் வழிவந்தவர்கள் ஏறத்தாழ 2000 வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கெரிக் விவாதம் பண்ணவில்லை. பலசாலிகளைக் கூப்பிட்டு பம்பை இழுக்கச் சொன்னார்.

தண்ணீர் வந்தது. ஆனால் பீப்பாய் முழுக்க உலை கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். மரத்தின் நுண்துளைகள் வழியாகக் காற்று உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. பிறகு சின்னப் பீப்பாயைப் பெரிய பீப்பாய்க்குள் வைத்து, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். இந்த முறை குருவி கீச்சிடுவதுபோல மெல்லிய ஒலி. தண்ணீரும் காற்றும் மரத்தை ஊடுருவிப் போய்க்கொண்டேயிருந்தன. மரம் வேண்டாமென்று செம்பில் கோளம் செய்தார். அது பெரும் சத்தத்தோடு நசுங்கிப்போனது. அடுத்ததை இன்னும் துல்லியமான உருண்டையாகச் செய்யவைத்தார். அது தாங்கியது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தக் கீச்சொலிதான். வெற்றிடத்தைப் பற்றி மனிதன் தெரிந்துகொண்ட முதல் விஷயங்களில் ஒன்று, அது எங்கே ஒழுகுகிறது என்பதைக் காதால் கேட்க முடியும் என்பது. இன்றைக்கும் மெக்கானிக் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பது இதே ‘உஸ்ஸ்’ சத்தத்தைத்தான்.

கெரிக் சும்மா பொழுதுபோகாத பணக்காரர் இல்லை. 1631இல் முப்பதாண்டுப் போரின்போது மாக்டபுர்க் எரிக்கப்பட்டது. சுமார் 20,000 பேர் செத்தார்கள். தப்பிப் பிழைத்தவர்களில் அவரும் ஒருவர். சாம்பலான ஊரைத் திரும்பக் கட்ட எஞ்சினியராக வேலை பார்த்து, 1646இல் மேயரானவர். குதிரைகளை வைத்து அவர் காட்டிய வித்தை பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது: இரண்டு செம்பு அரைக்கோளங்களை ஒட்டவைத்து, உள்ளேயிருந்த காற்றை எடுத்துவிட்டு, பக்கத்துக்கு எட்டுக் குதிரைகளைப் பூட்டி இழுக்கவிட்டார். கோளத்தின் குறுக்களவு சுமார் 50 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் காற்று அதை ஏறத்தாழ இரண்டு டன் எடைக்குச் சமமான விசையோடு அமுக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் இரண்டு அரைக்கோளங்களுக்கும் நடுவில் இருந்ததைப் பள்ளிப் புத்தகம் பெரும்பாலும் சொல்வதில்லை. மெழுகிலும் டர்பன்டைனிலும் ஊறவைத்த ஒரு தோல் வளையம். அது இல்லையென்றால் ஒரு குதிரைகூடத் தேவைப்பட்டிருக்காது.

வெற்றிடத்தின் வரலாற்றை இரண்டு விதமாக எழுதலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று டாரிசெல்லி, பாஸ்கல், கெரிக், பாயில் என்று பெயர்களாகப் போகும். இன்னொன்று தோல், மெழுகு, கொழுப்பு, ரப்பர் என்று அடைப்புகளாகப் போகும். இரண்டாவதை யாரும் அதிகம் எழுதுவதில்லை.

1712இல் தாமஸ் நியூகோமனின் எஞ்சின் இங்கிலாந்தின் டட்லி பக்கத்தில் சுரங்கத் தண்ணீரை இறைத்தது. அதையும் நீராவி எஞ்சின் என்கிறோம். உண்மையில் அங்கே வேலை செய்தது நீராவி இல்லை. நீராவி குளிர்ந்து சுருங்கியதும் உருளைக்குள் வெற்றிடம் உண்டாக, மேலிருந்து வெளிக்காற்று பிஸ்டனை அமுக்கியது. அந்தக் காலத்தில் உருளையைத் துல்லியமாகக் கடையத் தெரியாது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி. நியூகோமன் ஒரு தோல் வட்டைப் போட்டு, அதன் மேல் தண்ணீரைத் தேக்கிவைத்தார். ஒழுகினால் காற்றுக்குப் பதில் தண்ணீர் ஒழுகட்டும் என்று! எனக்குத் தெரிந்து இதைவிட அழகான ஒட்டுவேலை கிடையாது.

இசம்பார்ட் கிங்டம் புரூனல் அவ்வளவு அதிர்ஷ்டசாலி இல்லை. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு குழாய், குழாய்க்குள் பிஸ்டன், பிஸ்டனோடு இணைந்த ரயில், வழியெங்கும் காற்றை உறிஞ்சும் பம்ப் நிலையங்கள். ரயிலில் எஞ்சினே வேண்டாம், புகையும் வேண்டாம். தெற்கு டெவனில் 1847 செப்டம்பரில் பயணிகளை ஏற்றிக்கொண்டு அது ஓடவும் செய்தது. சிக்கல், பிஸ்டனை ரயிலோடு இணைக்கும் தண்டு போய்வரக் குழாயின் மேல்பக்கம் நெடுக ஒரு பிளவு வேண்டும். அதை மூட நெடுக ஒரு தோல் மடல். மைல் கணக்கில் தோல். குளிரில் விறைத்தது, வெயிலில் காய்ந்து வெடித்தது, தடவிய கொழுப்பு நிற்கவில்லை. எலிகள் கொழுப்பைத் தின்றன என்றொரு கதையும் உண்டு. கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக நான் அதை நம்பத் தயாரில்லை. 1848 செப்டம்பரில், ஒரு வருடம் முழுசாக முடிவதற்குள், மூடிவிட்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் காசு நஷ்டம். அடுத்தது அப்படியில்லை.

1889 ஜூன் 12. அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் சுற்றுலா கிளம்பினார்கள். ரயில் ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. ரயிலை இரண்டாகப் பிரித்து முன்பாதியை முதலில் கொண்டுபோக முடிவெடுத்தார்கள். அந்த ரயிலில் இருந்தது ‘எளிய’ வேக்குவம் பிரேக். அதாவது, பிரேக் பிடிக்க வேண்டுமென்றால் எஞ்சின் குழாயில் வெற்றிடத்தை உண்டாக்க வேண்டும். குழாயைக் கழற்றியதும் பின்பாதியில் அந்தப் பிரேக் இல்லை. கார்டு வண்டியின் கைப்பிரேக்கும் சக்கரத்துக்கு அடியில் வைத்த கற்களும்தான். முன்பாதி கிளம்பும்போது லேசாகப் பின்னால் நகர்ந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்துகொண்டிருந்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள்.

அதே வருடம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டது: பயணி ரயில்களில் ‘தானியங்கி’ பிரேக்தான் இருக்க வேண்டும். தானியங்கி என்றால் தர்க்கத்தைத் தலைகீழாக்குவது. ரயில் ஓடும்போது குழாயில் எப்போதும் வெற்றிடம் இருக்கும், அதுதான் பிரேக்கை விடுவித்து வைத்திருக்கும். குழாய் அறுந்தாலோ பெட்டி பிரிந்தாலோ காற்று உள்ளே புகுந்து பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். நம் ஊர் ரயில்களிலும் பல பத்தாண்டுகள் இந்த வேக்குவம் பிரேக்தான். அபாயச் சங்கிலியை இழுத்தால் ரயில் ஏன் நின்றது? டிரைவருக்கு மணியடித்ததால் இல்லை. அந்தச் சங்கிலி ஒரு வால்வைத் திறந்து குழாய்க்குள் காற்றை விட்டது, அவ்வளவுதான். வேண்டுமென்றே உண்டாக்கும் கசிவு.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான கேள்வி. சர்வர் பதில் சொல்லவில்லையென்றால் கதவு திறந்தபடி இருக்க வேண்டுமா, மூடியபடியா? வேலை செய்யும்போது எப்படி இருக்கும் என்பதைவிட, செத்துப்போனால் எந்த நிலையில் போய் நிற்கும் என்பதை முதலில் முடிவு பண்ணச் சொல்வார்கள். டீசல் காரின் வேக்குவம் ஓஸ்களைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தபோது, ஒவ்வொரு ஓஸிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன்.

முதலில், டீசலுக்கு ஏன் தனியாக வேக்குவம் பம்ப்? பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் என்ற கதவு காற்றைத் தடுக்கிறது. மூச்சுத் திணறும் எஞ்சின் இன்டேக் மேனிஃபோல்டில் தானாகவே ஒரு வெற்றிடத்தை உண்டாக்கித் தருகிறது, இலவசமாக. 1897இல் அவுக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்கள் நினைத்தே பார்க்க முடியாத எண் அது. டீசல் எஞ்சின் காற்றைத் தாராளமாக உள்ளே விடும். வேகத்தைக் கூட்டிக் குறைப்பது எரிபொருளின் அளவுதான். மூச்சுத் திணறல் இல்லை, அதனால் இலவச வெற்றிடமும் இல்லை. 1936இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் 260 டி வந்து டீசல் எஞ்சின் காருக்குள் நுழைந்தபோது, இந்த வித்தியாசமும் கூடவே வந்தது.

அதற்கு முன்பே 1927இல் பெல்ஜியத்து எஞ்சினியர் ஆல்பெர்ட் தெவாந்த்ரின் உரிமத்தில் பாஷ் நிறுவனம் வேக்குவம் உதவியோடு இயங்கும் பிரேக்கைத் தயாரிக்க ஆரம்பித்திருந்தது. இன்றைய காரில் பிரேக் மிதிக்குப் பின்னால் கறுப்பாக, சப்பையான பானை மாதிரி ஒன்று இருக்குமே, அதன் மூதாதை. பத்து அங்குலப் பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெளிக்காற்றைவிட 0.7 பார் குறைவு என்றால், உங்கள் காலோடு சேர்ந்து காற்றும் சுமார் 350 கிலோ எடைக்குச் சமமாக அமுக்குகிறது. கெரிக்கின் குதிரைகள் தோற்ற அதே காற்று. ஓஸ் பிய்ந்துபோனால்? பானையின் வாயில் ஒருவழி வால்வு இருக்கிறது. மிச்சமிருக்கும் வெற்றிடத்தில் ஒன்றிரண்டு தடவை பிரேக் பிடிக்கலாம். அதற்குப் பிறகு மிதி கல்லாகிவிடும். ஏறி நின்று மிதிக்க வேண்டும், ஆனாலும் பிடிக்கும்.

எல்லாரும் இவ்வளவு யோசிக்கவில்லை. 1949இல் வந்த மெர்சிடிஸ் 170 டி போன்ற கார்களில் எரிபொருளின் அளவையே ஒரு வேக்குவம் ஓஸ்தான் கட்டுப்படுத்தியது. இன்டேக்கில் ஒரு குறுகல், அங்கே உண்டாகும் லேசான வெற்றிடம் பம்பிலுள்ள ஒரு சவ்வை இழுத்து டீசலைக் குறைக்கும். எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் டீசலைக் கூட்டப் பார்க்கும். ஓஸ் அறுந்தால் ஸ்பிரிங் ஜெயிக்கும், எஞ்சின் பேய் பிடித்த மாதிரி ஓடும். ஆர்மாவுக்கு 60 வருடம் கழித்து! 1976இலிருந்து 1986வரை சுமார் 27 லட்சம் விற்ற டபிள்யூ 123 வரிசையின் டீசல் கார்களில் எஞ்சினை நிறுத்துவதற்கு வேக்குவம். சாவியைத் திருப்பியதும் வெற்றிடம் ஒரு சவ்வை இழுத்து டீசலை அடைக்கும். கதவுப் பூட்டுகளுக்கும் வேக்குவம். எங்கேயாவது ஓஸ் விரிசல் விட்டால் சாவியைக் கையில் எடுத்தபிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும். பானெட்டைத் திறந்து, ‘ஸ்டாப்’ என்று எழுதிய நெம்புகோலை அமுக்க வேண்டும். இதைக் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பயத்தோடு.

இன்றைய டர்போ டீசலில் நிலைமை தேவலாம். டர்போவுக்குள் இருக்கும் சின்ன இறக்கைகளை ஒரு ஆக்சுவேட்டர் வேக்குவத்தால் இழுத்து நெருக்குகிறது. குறைந்த வேகத்திலும் அழுத்தம் கிடைப்பது அதனால்தான். வேக்குவம் போனால் இறக்கைகள் விரிந்துகொள்ளும், வண்டி இழுக்காது, எஞ்சினுக்கு ஆபத்தில்லை. ஆர்மாவின் பாடம் இங்கே படிக்கப்பட்டிருக்கிறது.

என் கார் ஏற்காடு ஏற்றத்தில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே மூச்சு வாங்கியது இப்படித்தான். பதினோரு வயதான டீசல் ஹேட்ச்பேக். ஓரிடத்தில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு டர்போவையே மாற்றச் சொன்னார்கள். தொகை காரின் மதிப்பில் கால்வாசி. சேலத்தில் எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன்.

“டர்போ அப்படியே இருக்கு தம்பி. கைப்பம்ப வெச்சு இழுத்துப் பாரு, முள்ளு நிக்குதா இறங்குதான்னு.”

ஆக்சுவேட்டரில் நேரடியாக மாட்டினால் முள் நின்றது. ஓஸின் மறுமுனையிலிருந்து இழுத்தால் இறங்கியது. ஆக, நடுவில்தான் கோளாறு. அந்த நடு எங்கே என்றால், எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் இடையில், கை நுழையாத இடத்தில். அந்த ஓஸ் தொழிற்சாலையில் எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாட்டப்பட்டது. பத்து வருடம் கழித்து யாராவது அதைக் கழற்றுவார்கள் என்று வரைந்தவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

அவர் செய்ததை அப்படியே எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். எஞ்சின் முழுக்க ஆறும்வரை தொடவில்லை. முதலில் எல்லா ஓஸ்களையும் போட்டோ எடுக்கச் சொன்னார். ஒன்றைக் கழற்றி, அதை மாட்டியபிறகே அடுத்ததைத் தொட்டார். முனையில் ஒட்டிப்போன ஓஸைப் பிடித்து இழுக்கவில்லை, பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தார். வெப்பத்தில் நொறுங்கத் தயாராக இருக்கும் சோலனாய்டின் பிளாஸ்டிக் மூக்கு உடைந்தால் செலவு பத்து மடங்காகும். கை நுழையாத இடத்துக்கு அவர் வைத்திருந்த உபாயம்தான் உச்சம். பழைய ஓஸின் முனையில் புது ஓஸை மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டி, அந்தப் பக்கத்திலிருந்து பழையதை மெதுவாக உருவினார். பாவாடைக்கு நாடா கோப்பது மாதிரி. பழையது வெளியே வர வர, புதியது அதே வழியில் தானாகப் போய்ச் சேர்ந்தது. தண்ணீர்க் குழாய், மீன்தொட்டிக் குழாய் எதையும் போடக்கூடாது என்றார். மெல்லிய சுவர் வெற்றிடத்தில் சப்பிக்கொள்ளும், எண்ணெய் ஆவியில் ஊறிப்போகும். நூல் பின்னிய தடித்த ரப்பர்தான் வேண்டும்.

வெளியே வந்த பழைய ஓஸை வளைத்துக் காட்டினார். நேராக இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. வளைத்ததும் மயிரிழைபோல ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. ஓஸின் உள்துளை நான்கு மில்லிமீட்டர்கூட இருக்காது.

“இதக் கம்ப்யூட்டர் எப்படிண்ணே கண்டுபிடிக்கும்?” என்றேன்.

“அதுக்குப் பூஸ்ட் கம்மின்னு மட்டும்தான தெரியும். ஏன் கம்மின்னு அதுக்கு யாரு சொல்றது?”

நாள் முழுக்க லாக் பார்த்துப் பிழைக்கும் எனக்கு அது சுருக்கென்றது.

இந்த ஓஸ்களுக்கு இனி அதிக காலமில்லை. புதிய டர்போக்கள் பலவற்றில் மின்மோட்டார் வந்துவிட்டது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திக்கொண்டது. மின்காரில் எஞ்சினே கிடையாது. ஆனாலும் ஆரம்பகால மின்கார்கள் சிலவற்றில் பிரேக்குக்காக மட்டும் தனியாக ஒரு சின்ன மின் வேக்குவம் பம்பை வைத்திருந்தார்கள். வண்டி சத்தமில்லாமல் சிக்னலில் நிற்கும். பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்தால் பானெட்டுக்குக் கீழே அது ‘கிர்ர்’ என்று ஓடி, ஒரு ஓஸ் வழியாக அந்தப் பானையிலிருந்து காற்றை வெளியேற்றிவிட்டு நிற்கும்.